பவர் ட்யூப் மாற்றியதும் பயாஸ் அளக்க எது நல்லது: ஷண்ட் முறையா, அடாப்டரா, 1 ஓம் ரெசிஸ்டரா?

கிட்டார் ஆம்ப்பில் ட்யூப்பைக் கழற்றி மாட்டுவதில் பெரிய ஆபத்து கிடையாது. பிளக்கை உருவிவிட்டு, கண்ணாடி நன்றாக ஆறிய பிறகு பழையதை நேராக மேலே இழுத்துப் புதியதைச் சொருகினால் போதும், சேஸியை, அதாவது மின்சுற்று இருக்கும் உலோகப் பெட்டியைத் திறக்க வேண்டியதே இல்லை. 12ஏஎக்ஸ்7 போன்ற ப்ரீஆம்ப் ட்யூப்களுக்கு வேலை அதோடு முடிந்தது. பயாஸ் என்பது சிக்னல் இல்லாதபோது பவர் ட்யூப் இழுக்கும் கரன்ட்டின் அமைப்பு; வாக்ஸ் ஏசி30 மாதிரி, அதை ட்யூப்பே தானாகச் சரிசெய்துகொள்ளும் கேத்தோட் பயாஸ் ஆம்ப்களிலும் திருத்துவதற்கு எதுவும் இருக்காது.

ஃபெண்டர் ட்வின் ரிவர்ப், மார்ஷல் 2203 போன்ற, பயாஸுக்குத் தனியாக நெகட்டிவ் வோல்ட் கொடுக்கும் ஃபிக்ஸட் பயாஸ் ஆம்ப்களில்தான் சிக்கல். புது பவர் ட்யூப் சும்மா நிற்கும்போது எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்று அளந்து பயாஸைச் சரிசெய்ய வேண்டும். அதை அளக்க ஆம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அப்போது ட்யூப்பின் உயர் மின்னழுத்த முனையான பிளேட்டில் 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு ஆர்சிசிபி காப்பாற்றும் என்று சிலர் நம்புகிறார்கள். காப்பாற்றாது. பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் அடிக்கிற ஷாக், மெயின்ஸ் பக்கத்தில் கசிவாகத் தெரியவே தெரியாது. அதனால் எந்த முறையில் அளக்கிறோம் என்பதே இங்கே முதல் பாதுகாப்பு.

நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. ஷண்ட் முறையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அடாப்டர் நல்லது. சொந்த ஆம்ப் என்றால், சாக்கெட்டிலேயே நிரந்தரமாக வைக்கும் 1 ஓம் ரெசிஸ்டர்தான் என் தேர்வு.

ஷண்ட் முறையில் மீட்டரைக் கரன்ட் அளவில் வைத்து, ஒரு முனையை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் நடு முனையான சென்டர் டேப்பிலும் மறு முனையை பின் 3-லும், அதாவது பிளேட்டிலும் வைக்கிறார்கள். சுருளைவிட மீட்டரின் தடை மிகக் குறைவு என்பதால் கரன்ட் மீட்டர் வழியாக ஓடும். பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பதுதான் இதிலுள்ள ஒரே கவர்ச்சி. ஆனால் மீட்டரும் இரண்டு வயர்களும் முழு உயர் மின்னழுத்தத்தில் நிற்கும். முனை வழுக்கிச் சேஸியில் பட்டால் 450 வோல்ட் கிட்டத்தட்ட பூஜ்யத் தடை வழியாகத் தரைக்குப் பாயும்: கண் முன்னே தீப்பொறி, மீட்டர் ஃபியூஸ் காலி. அளந்து முடித்து, சிவப்பு வயரைக் கரன்ட் துளையிலேயே விட்டுவிட்டு அடுத்து வோல்ட் அளக்கப் போனாலும் இதே கதிதான்.

அடாப்டர் என்பது ட்யூப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே உட்காரும் ஒரு துண்டு. அதற்குள் கேத்தோட் வழியில், அதாவது ட்யூப்பின் கரன்ட் சேஸிக்குப் போகும் வழியில் ஒரு சிறு ரெசிஸ்டர் இருக்கும், வயர் மீட்டருக்கு வரும். ஆம்ப் அணைந்திருக்கும்போதே மாட்டிவிடலாம், சேஸி மூடியே இருக்கும். பிளேட் வோல்ட்டையும் சேர்த்துக் காட்டும் வகைகள் உண்டு. அவற்றின் வயரிலும் 450 வோல்ட் வரும் என்பதால், உறையில் வெட்டோ விரிசலோ இருந்தால் ஓரங்கட்டிவிடுங்கள். ட்யூப் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்ந்துவிடுவதால் பிடிப்பு கிளிப் எட்டாது. ஸ்பீக்கரோடு ஒரே பெட்டியாக வரும் காம்போவில் தலைகீழாகத் தொங்கும் ட்யூப் நழுவாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்பது பின் ஈஎல்84 அடாப்டர்களில் எனக்குப் பழக்கம் குறைவு. இங்கே சொல்வதெல்லாம் எட்டு பின் ஆக்டல் வகைக்கு.

இவ்வளவு வசதி இருந்தும் நான் ரெசிஸ்டர் பக்கம் சாய்வதற்கு ஒரே காரணம், பயாஸைத் திருத்தும் திருகியான பயாஸ் பாட். பல மார்ஷல்களில் அது சேஸிக்குள் இருக்கிறது. அடாப்டரில் அளவு வெளியே வந்தாலும், திருத்துவதற்கு ஓடுகிற ஆம்ப்புக்குள் கையை விட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் அணைத்துத் திருத்த வேண்டும். ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸில் 1 ஓம் ரெசிஸ்டரை உற்பத்தியாளரே வைத்திருக்கிறார்; டிபி30 என்ற புள்ளியில் இரண்டு ட்யூப்புக்கும் சேர்த்து 60 மில்லிவோல்ட் வர வேண்டும். ஆனால் அந்தப் புள்ளியும் பாட்டும் போர்டிலேயே இருப்பதால் அங்கேயும் மூடி திறந்துதான் வேலை. மூடி திறந்த நிலையில் ஆம்ப் ஓடும் நேரத்தை எந்த முறை குறைக்கிறதோ அதுவே பாதுகாப்பானது. ரெசிஸ்டரோடு, மீட்டர் மாட்டும் அளவு சாக்கெட்டையும் பாட்டையும் வெளியே கொண்டுவந்துவிட்டால், அடுத்தடுத்த ட்யூப் மாற்றங்களுக்கு அந்த நேரம் பூஜ்யம்.

வேலையை இப்படிச் செய்யலாம். பிளக்கை உருவி, ஸ்டாண்ட்பையை வாசிக்கும் நிலையில் வையுங்கள். இல்லையென்றால் சில ஆம்ப்களில் முதல் கெப்பாசிட்டர் தேக்கிய மின்னூட்டத்தோடு தனியாகச் சிக்கி நிற்கும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரை உறையிட்ட கிளிப் வயரில் பற்றவைத்து, முதலில் சேஸியிலும் பிறகு கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனையிலும் மாட்டுங்கள். 100 மைக்ரோஃபாரட் என்றால் ஐந்து விநாடியில் பெரும்பகுதி இறங்கிவிடும். அரை நிமிடம் விடுங்கள். மீட்டரில் பார்த்து 10 வோல்ட்டுக்குக் கீழே என்று உறுதிசெய்த பிறகே கையை வையுங்கள். கிளிப்பைக் கழற்ற வேண்டாம், இறக்கிய கெப்பாசிட்டரிலும் வோல்ட் மெல்லத் திரும்பும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம்: பொறி கண்ணில் தெறிக்கும், கெப்பாசிட்டரும் கெடும். ட்யூப்களைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பார்க்கிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மின்னூட்டத்தை உறிஞ்ச ட்யூப் இல்லாததால் அது நெடுநேரம் அப்படியே நிற்கும்.

பிறகு ஒவ்வொரு ட்யூப் சாக்கெட்டிலும் பின் 8-லிருந்து, அதாவது கேத்தோடிலிருந்து, சேஸிக்குப் போகும் வயரை அறுத்து, நடுவே 1 ஓம், 1 சதவீத, 1 வாட் ரெசிஸ்டர் வையுங்கள். ஈஎல்34-க்கு பின் 1, பின் 8-உடன் இணைந்தே இருக்கட்டும். அந்த ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு 1என்4007 டயோட், கோடு போட்ட முனை சேஸிப் பக்கம். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ட்யூப் உள்ளே ஷார்ட் ஆனால் ரெசிஸ்டர் எரிந்து திறந்துகொள்ளும். டயோட் இல்லையென்றால் முழு 450 வோல்ட்டும் நீங்கள் பின்புறம் வைத்த அளவு சாக்கெட்டுக்கு வந்துவிடும். டயோட் இருந்தால் கேத்தோட் ஒரு வோல்ட் அளவுக்கு மேல் ஏறாது, ஃபியூஸ் போகும். சாதாரண வாசிப்பில் டயோட் கடத்தாது, ஒலியில் மாற்றம் இருக்காது. சேஸியோடு மின்தொடர்பு இல்லாத அளவு சாக்கெட்டுகளாகப் பார்த்து வாங்குங்கள்.

இந்த முறையின் குறை, பிளேட் வோல்ட் தெரியாது. அதை அன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடலாம். ட்யூப் போடும் முன், வடிகால் ரெசிஸ்டரை (மின்னூட்டம் இறக்க மாட்டிய 10 கிலோஓம்) கழற்றி ஆன் செய்து, பயாஸ் வோல்ட் வரும் பின் 5-ல் எல்லா சாக்கெட்டிலும் நெகட்டிவ் வோல்ட் வருகிறதா பாருங்கள். ஈஎல்34, 6எல்6 ஆம்ப்களில் பொதுவாக 35 முதல் 55 வரை இருக்கும். எங்காவது பூஜ்யம் காட்டினால் அங்கே ட்யூப் போடாதீர்கள், பிளேட் சிவந்துவிடும். பாட்டை அதிக நெகட்டிவ் பக்கம் திருப்பி, அணைத்து, மின்னூட்டத்தை இறக்கி, ட்யூப்பையும் ஸ்பீக்கரையும் மாட்டுங்கள். கருப்பு கிளிப்பைச் சேஸியிலும் சிவப்பை பின் 3-லும் மாட்டி, வடிகால் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். வால்யூம் பூஜ்யம், மீட்டர் 1000 வோல்ட் டிசி, கை வெளியே.

450 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஈஎல்34-இன் உச்ச வரம்பு 25 வாட், அதில் 70 சதவீதம் 17.5 வாட். 17.5-ஐ 450-ஆல் வகுத்தால் 39 மில்லிஆம்ப்; ரெசிஸ்டர் 1 ஓம் என்பதால் அளவு சாக்கெட்டில் 39 மில்லிவோல்ட். கேத்தோட் கரன்ட்டில் ஸ்க்ரீன் கரன்ட்டும் சேர்ந்திருப்பதால் பிளேட்டின் உண்மைச் சுமை இதைவிடக் குறைவு, அதாவது பிழை பாதுகாப்பான பக்கம். பாட்டை மெல்லத் திருப்பி அங்கே நிறுத்துங்கள். கரன்ட் ஏறும்போது பிளேட் வோல்ட் கொஞ்சம் இறங்கும்; இரண்டையும் மறுபடி பார்த்து, எண்ணைச் சேஸிக்குள் ஒட்டிவையுங்கள். பின்னாளில் பிளேட் வோல்ட் 470 ஆனாலும் 18.3 வாட்தான், வரம்புக்கு வெகு கீழே. அதனால் ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து பிளேட் வோல்ட் பார்க்கத் தேவையில்லை.

அடாப்டருக்கு என் ஓட்டு விழும் இடமும் உண்டு. பழைய, மாற்றம் எதுவும் செய்யப்படாத ஆம்ப்பில் துளை போட்டால் விற்பனை மதிப்பு குறையும். இன்னொருவருடைய ஆம்ப்பில் துளை போடவே கூடாது. அங்கெல்லாம் அடாப்டரை மாட்டி, அளவைக் குறித்து, அணைத்து, மின்னூட்டத்தை இறக்கி, பாட்டைச் சிறிது திருப்பி, மறுபடி ஆன் செய்து பார்க்க வேண்டும். ஒரு ஜோடி ட்யூப்புக்கு நாலைந்து சுற்று ஆகலாம்.