செகண்ட்ஹேண்ட் பிளவுஸுக்கு அளவு காட்ட ஐந்து வழிகள்: எது நம் ஊருக்கு ஒத்துவரும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி, சுற்றிலும் தோட்டங்கள் இருக்கிற பட்டணத்தில் பழைய துணி விற்க ஒரு செயலி செய்கிறோம் என்றதும் ஆளாளுக்கு முதலில் கேட்பது, "பேரம் பேச பட்டன் இருக்கா?" என்றுதான். பேரத்தை நம் ஆட்கள் வாட்ஸ்அப்பிலேயே முடித்துக்கொள்வார்கள், அதற்குப் பட்டன் வேண்டியதில்லை. வியாபாரம் படுப்பது வேறு இடத்தில். படம் பிடித்துவிட்டது, விலையும் ஒத்துவருகிறது, அப்புறம் "எனக்குப் பத்துமா அக்கா?" என்று ஒரு கேள்வி வரும், விற்பவர் "பத்தும்னுதான் நினைக்கிறேன்மா" என்பார், அதோடு பேச்சு நின்றுபோகும்.

அதனால் தீபாவளிக்கு முன் ஒரே ஒரு புது வசதிதான் சேர்க்க முடியும் என்றால் அது அளவு காட்டும் வசதியாக இருக்கட்டும் என்பதில் எங்கள் குழுவில் சண்டை இல்லை. எப்படிக் காட்டுவது என்பதில்தான் சண்டை. ஐந்து யோசனைகள் வந்திருக்கின்றன. தனித்தனியாகக் கேட்டால் ஐந்துமே நன்றாகத்தான் இருக்கின்றன, ஆகவே ஒரே துணியை ஐந்திலும் போட்டுப் பார்க்கிறேன்.

துணி இது: மாம்பழ மஞ்சள் பட்டு பிளவுஸ், மெரூன் கரை, ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போட்டது, தையல்காரரிடம் கொடுத்துத் தைத்தது, விலை 15 வெள்ளி (ரிங்கிட்). மேசையில் விரித்து அக்குளுக்கு அக்குள் டேப் வைத்தால் 17½ இன்ச், அதாவது சுற்று 35. உள்பக்கம் திருப்பினால் இரண்டு பக்கத்திலும் மூன்று வரிசைத் தையல் ஓடுகிறது, வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே கால் இன்ச். வாங்க நினைக்கிறவருக்கு வேண்டியது 36.

முதல் யோசனை எஸ், எம், எல். விற்பவருக்கு ஒரு தட்டு தட்டினால் வேலை முடிந்தது, அதற்கு மேல் இதில் நல்லது ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. வெளிநாட்டுப் பழைய துணியை மூட்டையாக இறக்கி விற்கும் பண்டல் கடையில் துழாவிப் பழகியவர்களுக்குத் தெரியும், ஜப்பானிலிருந்து வந்த சட்டையில் எல் என்று போட்டிருக்கும், நம் ஊர் எம்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும். பழைய பொருள் விற்கும் ஜப்பானின் புக்ஆஃப் நிறுவனம் 2016இல் இங்கே ஜாலான் ஜாலான் ஜப்பான் கடைகளைத் திறந்த பிறகு அந்தச் சரக்கு இன்னும் அதிகம் புழங்குகிறது. தொழிற்சாலைத் துணிக்கே இந்தக் கதி. நம் மஞ்சள் பிளவுஸில் லேபிளே கிடையாது, விற்பவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்து "எம்" என்று போடுவார். தள்ளுபடி.

இரண்டாவது, டேப் வைத்து அளந்து கட்டங்களை நிரப்பச் சொல்வது. நேர்மையான வழி, செய்வதும் சுலபம். ஆனால் விற்பவர்களில் பாதிப் பேர் சுற்றளவு எழுதுவார்கள், மீதிப் பேர் விரித்துப் போட்ட அகலத்தை எழுதுவார்கள், ஒருவருக்கு 35, இன்னொருவருக்கு 17½, இரண்டும் ஒரே பிளவுஸ். டேப்பைத் திருப்பிப் பிடித்து சென்டிமீட்டரில் 44 என்று எழுதுகிறவரும் உண்டு, அது வாங்குகிறவர் கண்ணில் 44 இன்ச் ஆகிவிடும். இதையெல்லாம் ஒரு படமும் ஒரு எச்சரிக்கையும் போட்டுச் சரிசெய்யலாம், பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் இரண்டு.

ஒன்று, 36 என்று தேடுகிறவர் கண்ணுக்கு இந்த 35 தட்டுப்படவே படாது. உள்ளே மூன்று வரிசைத் தையல் இருப்பது எந்தக் கட்டத்திலும் இல்லை, அதனால் கொஞ்சம் பிரித்தால் கச்சிதமாக இருந்திருக்கக்கூடிய துணி தேடலிலேயே கழிந்துவிடுகிறது. இரண்டாவது, கூச்சம். இது கோலாலம்பூர் இல்லை. அந்த மஞ்சள் பிளவுஸ் யாருடையது என்று படத்தைப் பார்த்த உடனே கல்யாணத்துக்கு வந்த பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும், அதன் கீழே மார்பு 35, இடுப்பு 30 என்று எழுதி வைத்தால் எந்தப் பெண் விற்பார்? தைத்துப் போட்ட பிளவுஸின் அளவு போட்டவரின் அளவுதானே. வெளியூர்ச் செயலிகளில் இது யாருக்கும் உறைக்காது, அங்கே விற்பவர் முகம் தெரியாதவர்.

மூன்றாவது யோசனைதான் எங்கள் புரோகிராமர் தம்பிக்கு உயிர். துணியின் பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருளை வைத்துப் படம் எடுத்தால் செயலியே அளந்துவிடும். டோலுக்கும் பஸ்ஸுக்கும் கட்டுகிற டச் அண்ட் கோ அட்டை உலகத்தில் உள்ள எல்லா வங்கி அட்டை மாதிரியும் 85.6 மில்லிமீட்டர் நீளம், 54 அகலம், எல்லோர் பையிலும் இருக்கும், ஆகவே அதையே வைப்போம் என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தால் உதைக்கிறது. படத்தில் அட்டையின் ஓரத்தை ஒரு மில்லிமீட்டர் தப்பாகப் பிடித்தால், அட்டையைவிட ஐந்து மடங்கு அகலமான பிளவுஸில் அது ஐந்து மில்லிமீட்டராகும், சுற்றளவுக்கு இரட்டித்தால் பத்து, கிட்டத்தட்ட அரை இன்ச்சுக்கு வந்துவிட்டது. பிளவுஸில் அரை இன்ச் என்றால் கொக்கி மாட்டுமா மாட்டாதா என்கிற வித்தியாசம். அட்டைக்குப் பதில் 297 மில்லிமீட்டர் நீளமுள்ள ஏ4 தாளை வைத்தால் அதே ஒரு மில்லிமீட்டர் பிழை சுற்றளவில் மூன்று மில்லிமீட்டரோடு நின்றுவிடும், அது பரவாயில்லை.

அட்டை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அட்டை என்று சொன்னால் நாலு பேரில் ஒருவர் மைகார்டை, அதாவது அடையாள அட்டையை, எடுத்து வைப்பார், அதுவும் அதே அளவுதான். பெயர், எண், முகவரி எல்லாம் பிளவுஸோடு சேர்ந்து விற்பனைக்கு வந்துவிடும்.

தாளே என்றாலும், தோட்டத்து லைன் வீட்டு மெத்தைமேல் துணியைப் போட்டு, நின்ற இடத்திலிருந்து சாய்வாக எடுத்த படத்தில் தூரத்துப் பக்கம் சிறுத்துத் தெரியும். தாளின் நாலு மூலையை வைத்துச் செயலி அதை நிமிர்த்திவிடும் என்கிறான் தம்பி, நிமிர்த்தும்தான், தாளும் துணியும் ஒரே சமதளத்தில் இருந்தால். கப் வைத்த பிளவுஸ் எந்த மேசையிலும் சமமாகப் படுக்காது. ஜிப்பாவுக்கும் டி-சட்டைக்கும் இந்த வழி நன்றாக வரும், எங்களிடம் வரும் சரக்கில் அவை கொஞ்சம்தான்.

நாலாவது, செயற்கை நுண்ணறிவை வைத்து உடுத்திப் பார்ப்பது. கூகுள் இதை 2023இல் மாடல்களின் படத்தில் காட்ட ஆரம்பித்தது, 2025 மே மாதம் அமெரிக்காவில் நம் சொந்தப் படத்தையே போட்டுப் பார்க்கும் அளவுக்கு வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. நம் மஞ்சள் பிளவுஸைக் கொடுத்தால் 36காரர்மேல் மடிப்பே இல்லாமல் வழவழவென்று உட்கார்ந்திருக்கும், அதுதான் கோளாறே, அது துணியை அளப்பதில்லை, வரைகிறது. கொக்கி இழுப்பதையும் கை லூஸ் பிடிப்பதையும் அது காட்டாது. அதற்குப் பெண்கள் தங்கள் முழுப் படத்தை ஏற்ற வேண்டும், நான் கேட்டுப் பார்த்த இடத்திலெல்லாம் "எதுக்கு?" என்ற ஒரே பதில்தான். சேலைக்கு என்றால் வேறு பேச்சு. சேலைக்கு அளவுத் தொல்லையே இல்லை, இந்த நிறம் எனக்கு எடுக்குமா என்பதுதான் கேள்வி, அதற்கு இது பொருத்தம். பின்னால் பார்க்கலாம்.

ஐந்தாவது புதிதே இல்லை. தையல்காரரிடம் போனால் என்ன செய்கிறோம்? "என் மார்பு 36" என்றா சொல்கிறோம், முக்கால்வாசிப் பேருக்கு அந்த எண்ணே தெரியாது. நன்றாக உட்கார்கிற ஒரு பிளவுஸைக் கொண்டுபோய்க் கொடுத்து "இதே அளவுக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். செயலியும் அதையே செய்யட்டும். வாங்குகிறவர் தன் அளவு பிளவுஸை ஒரே ஒரு முறை விரித்துப் போட்டு மார்பு, இடுப்பு, தோள், ஆர்ம்ஹோல், கை லூஸ் ஐந்தையும் அளந்து பதிந்துவிடுவார். விற்பவரும் அதே ஐந்தை அளப்பார், கூடவே உள்பக்கம் எத்தனை வரிசைத் தையல் என்று ஒரு கேள்விக்குப் பதில் சொல்வார். செயலி எண்களை யாருக்கும் காட்டாது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சொல்லும்: "மார்பு ஒரு இன்ச் இறுக்கம், ஒரு வரிசை பிரித்தால் சரியாகும். தோள், கை அப்படியே பொருந்தும்."

அந்த ஒரு இன்ச் எப்படி வந்தது என்றால், உள்வரிசையைப் பிரித்தால் தையல் கால் இன்ச் தள்ளிப்போகிறது, முன்துணியில் கால், பின்துணியில் கால், ஒரு பக்கத்துக்கு அரை, இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்று. 35 அப்படியே 36 ஆகிவிடுகிறது. மற்ற நாலு வழியிலும் கைவிட்டுப்போன அல்லது பொய்யாகப் பொருந்திய பிளவுஸ் இந்த வழியில்தான் உண்மையாகக் கைக்கு வருகிறது. பிரித்த இடத்தில் ஊசித் துளை கொஞ்சம் தெரியும், உள்ளே மடிந்திருந்த பட்டு வெளிப்பட்டை விட அடர் மஞ்சளாக இருக்கும், ஆனால் அது அக்குளுக்குக் கீழே, கையும் முந்தானையும் மறைத்துவிடும்.

விற்பவர் டேப் எடுக்கிற வேலை இதிலும் மிச்சமாகவில்லை, இரண்டாவது வழியின் தோளில்தான் இது ஏறி நிற்கிறது. எண்ணை மறைத்தாலும் தன் அளவையும் செயலி சொல்கிற வித்தியாசத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு எடுக்கிறவன் எடுப்பான்தான். ஆனால் படத்துக்குக் கீழே எல்லோர் கண்ணிலும் படும்படி எண் எழுதிக் கிடக்காது.

ஐந்து அளவையும் ஒரே தட்டில் வைக்காமல் இருப்பதுதான் இதில் முக்கியம். மார்பையும் இடுப்பையும் பிடிக்கலாம், உள்ளே துணி இருந்தால் விடலாம். தோள் அகலம் கூடியிருந்தால் ஒரு தையல்காரர் மனது வைத்தால் சரிசெய்வார். கழுத்தை ஆழமாக வெட்டிவிட்டால் அதை ஏற்றுவதற்கு வழியில்லை. ஆகவே கழுத்து ஆழத்துக்கு அளவுகூட வேண்டாம், பின்பக்கப் படம் கட்டாயம் என்றாலே போதும்.

பிள்ளைகளின் பாவாடை சட்டைக்கு இந்த வழி இன்னும் நன்றாகவே ஒத்துவரும். ஒரு தீபாவளிக்குப் போட்டது அடுத்த தீபாவளிக்குக் குட்டையாகிவிடும், அலமாரியில் கிடக்கிற சரக்கில் பாதி அதுதான். அதிலும் உள்மடிப்பு எத்தனை இன்ச் விட்டிருக்கிறது என்ற கேள்விதான் விலையையே தீர்மானிக்கும். பஞ்சாபி சூட்டுக்கு இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை, மேல்சட்டை இரண்டு இன்ச் தாராளமாக இருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை.

சரி, யார் அளப்பது? பழைய துணி விற்கும் அமெரிக்காவின் த்ரெட்அப், விற்பவர்கள் அனுப்புகிற துணியைத் தன் கிடங்கில் வைத்து அளந்து போடுகிறது. நமக்குக் கிடங்கு இல்லை, பட்டணத்தில் தையல் கடை இருக்கிறது. துணியை அங்கே கொடுத்தால் தையல்கார அக்கா அளந்து பதிவார், துண்டுக்கு ஒரு வெள்ளி, வாங்குகிறவரும் அங்கேயே வந்து எடுத்துக்கொள்வார், பிரிக்க வேண்டியிருந்தால் அங்கேயே பிரித்துத் தைத்துக்கொள்வார். கொரியர் தோட்டத்து ஆபீசிலோ காவல் சாவடியிலோ பார்சலைப் போட்டுவிட்டுப் போகிற தலைவலியும் குறையும். அக்காவிடம் சொன்னதற்கு, "தம்பி, புதுசு தைக்கறதவிட பழசு பிரிக்கறதுக்குத்தான்டா நேரமாகும், தீபாவளி நேரத்துல என்கிட்ட வராதீங்க" என்றார். முடியாது என்று சொல்லவில்லை.

இன்னும் தீராதது ஒன்றுதான். செயலி "பொருந்தும்" என்று சொல்லிப் பொருந்தாமல் போனால்? போஷ்மார்க், விண்டெட் போன்ற வெளியூர்ப் பழைய துணிச் செயலிகள் சொன்னபடி பொருள் இல்லையென்றால்தான் பணத்தைத் திருப்பித் தருகின்றன, பத்தவில்லை என்பது அங்கே காரணமே ஆகாது. நாம் பொருந்தும் என்று வாயைத் திறந்து சொல்கிறோம், அப்படிக் கைகழுவ முடியாது. 15 வெள்ளி பிளவுஸுக்குப் பணத்தைத் திருப்பி, பார்சலையும் திருப்பி அனுப்புவதில் யாருக்கும் லாபமில்லை, அதனால் பிரித்துத் தைக்கும் கூலியைச் செயலி ஏற்றுக்கொள்ளட்டும் என்பது என் கட்சி. கூலி எவ்வளவு என்று அக்காவிடம் இப்போதே பேசி வைக்க வேண்டும், தீபாவளி நெருங்கிவிட்டால் அவர் சொல்வதுதான் விலை.