கோட் நேம் வெரிட்டி: பென்சிலோடு படிக்க வேண்டிய நாவல்

எலிசபெத் வீன் எழுதி 2012-இல் வந்த இளையோர் நாவல் இது. கையில் எடுக்கும்போதே ஒரு பென்சிலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1943 நவம்பர். ஜெர்மானியர் பிடியிலுள்ள பிரான்சில், ஓர்மே என்ற கற்பனை ஊரில், நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோவிடம் சிக்கிய பிரிட்டனின் பெண் உளவாளி வாக்குமூலம் எழுதுகிறாள். 2 வாரம் கெடு. மருந்துச் சீட்டு, புல்லாங்குழல் இசைத்தாள், சமையல் குறிப்பு அட்டை என்று கொடுத்த காகிதத்திலெல்லாம் எழுதுகிறாள். சாலையைக் கடக்கும்போது, நம்மைப் போலவே, வண்டி வலப்பக்கமிருந்து வரும் என்று பார்த்துவிட்டாள்; பிரான்சில் அது இடப்பக்கமிருந்து வரும். மாட்டிக்கொண்டது அதனால்தான்.

பறித்த உடைகளைத் திரும்பப் பெற, 11 வயர்லெஸ் சங்கேதத் தொகுப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கிறாள். இதன் கனம் இளம் வாசகர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. சங்கேதம் கைக்கு வந்தால், பிடிபட்ட ஆளின் பெயரில் ஜெர்மானியரே லண்டனுக்குச் செய்தி அனுப்பலாம். அதை நம்பி லண்டன் அனுப்பும் ஆட்கள் நேரே அவர்கள் கையில் வந்து இறங்குவார்கள். நெதர்லாந்தில் அப்படியே நடந்தது, 50-க்கும் மேற்பட்டோர் சிக்கினார்கள். அதைத் தெரிந்துகொண்டு படித்தால் அவளுடைய ஒவ்வொரு ‘ஒப்புதலும்’ வயிற்றைப் பிசையும்.

வீன் விமானம் ஓட்டத் தெரிந்தவர். கதைசொல்லியின் தோழி மேடி லைசாண்டர் விமானத்தை ஓட்டும் பக்கங்களில் அது தெரிகிறது. நிலவொளியில் பறந்து, சின்ன வயலில் சில கைவிளக்குகளை மட்டும் நம்பி இறக்க வேண்டிய விமானம் அது.

இடறும் இடங்களும் உண்டு. கதைசொல்லி தன்னையே படர்க்கையில் எழுதுவதால், யார் யார் என்று புரியவே சில அத்தியாயங்கள் பிடிக்கும். மேடி இருக்கும் ஏ.டி.ஏ. என்பது உள்நாட்டில் விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அமைப்பு. அதன் பெண் விமானி பிரான்சுக்குப் பறப்பதை ஏற்கவைக்க ஆசிரியர் நிறையவே மெனக்கெட வேண்டியிருக்கிறது. இத்தனை நீளமான வாக்குமூலத்தை கெஸ்டபோ பொறுத்துக்கொள்வதையும் நாம்தான் பெருந்தன்மையாக ஏற்க வேண்டும். குடும்ப ரகசியம் பெரிதாக வெடிக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். கதைசொல்லியின் ஸ்காட்லாந்துப் பிரபுக் குலம் மெல்லத்தான் வெளிப்படுகிறது.

சித்திரவதைக் காட்சிகள் இருப்பதால் 14 வயதுக்கு மேல் கொடுக்கலாம்.

முதல் பாகத்தில் அங்கங்கே சில வரிகள் அடிக்கோடிட்டிருக்கும். அவற்றின் பக்க எண்களைக் குறித்து வையுங்கள். மேடி சொல்லும் இரண்டாம் பாகத்தில் திரும்பிவந்து பார்க்க வேண்டியிருக்கும். ஒலிநூலில் அடிக்கோடு காதில் விழாது. முதல் வாசிப்புக்கு அச்சுப் புத்தகம்தான் சரி.