ரோட்டார் அதிர்வை அளக்க: வானமா, காற்றுச் சுரங்கமா, குட்டி மாடலா?

பிளாக் ஹாக் ஹெலிகாப்டரின் ரோட்டாரில், அதாவது தலைக்கு மேலே சுழலும் விசிறியில், நான்கு பிளேடு. நிமிடத்துக்குச் சுமார் 258 சுற்று. உள்ளே இருப்பவர் உணரும் நடுக்கம் முக்கியமாகச் சுற்றுக்கு நான்கு முறை, அதாவது நொடிக்கு 17 தடவை. பிளேடு சுமக்கும் மொத்த விசையில் இது சிறு பங்குதான். கணக்குக்குச் சிக்காமல் நழுவுவதும் இந்தச் சிறு பங்குதான். அதனால் அதை அளந்தே பார்க்க வேண்டும். வழி மூன்று: பறந்து அளப்பது, காற்றைச் செலுத்தும் சுரங்கத்தில் வைத்து அளப்பது, குட்டி மாடலில் அளப்பது.

1993-94-ல் நாசாவும் அமெரிக்க ராணுவமும் பிளாக் ஹாக்கின் ஒரு பிளேடில் 242 அழுத்த சென்சார்களைப் பதித்துப் பறந்தே பார்த்தன. என் ஓட்டு இதற்குத்தான். வேகமாகப் போகையில், முன்னோக்கி வீசும் பிளேடின் நுனியில் தூக்குவிசை தலைகீழாகிக் கீழே அழுத்தும். சுற்றின் எந்த இடத்தில் அது நடக்கிறது என்பதில் அன்றைய கணிப்பு நிரல்கள் கோட்டை விட்டன. பறந்து எடுத்த தரவு இருந்ததால்தான் அந்தப் பிழை மறைய முடியாமல் போனது. காற்றோட்டத்தை முழுதாகக் கணிக்கும் நிரலையும், பிளேடு வளைந்து முறுக்குவதைக் கணிக்கும் நிரலையும் 2004 வாக்கில் ஒன்றாகக் கோத்த பிறகே விடை ஒத்துவந்தது.

ஆனால் வானத்தில் ரோட்டாரின் தூக்குவிசையை நேரடியாக அளக்க வழியில்லை. எடையிலிருந்து ஊகிக்க வேண்டியதுதான். உடற்பகுதி, வால் ரோட்டார், விமானியின் கை என்று எல்லாம் கலந்தே வரும்.

சரி, காற்றுச் சுரங்கம்? 2010-ல் அதே பிளேடுகள் கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் மையத்தில், 40-க்கு 80 அடி சுரங்கத்தில் ஏறின. இங்கே தூக்குவிசையைத் தராசில் படிக்கலாம். ரோட்டாரை மெதுவாக்கிக் காற்றை மட்டும் வேகமாக விடலாம்; எந்த பிளாக் ஹாக்கும் பறக்காத நிலை அது. இடைஞ்சல் சுவர்கள்தான்: 80 அடி அகலத்துக்குள் கிட்டத்தட்ட 54 அடி ரோட்டார். போதாக்குறைக்கு, பழைய சென்சார்களில் பல அதற்குள் செத்துப்போயிருந்தன.

குட்டி மாடலையும் லேசாக எடைபோட வேண்டாம். 2001-ல் நெதர்லாந்தில் நடந்த ஹார்ட் 2 சோதனையில் பிஓ-105 என்ற ஹெலிகாப்டரின் ரோட்டாருக்கு 40 சதவீத மாடல், விட்டம் வெறும் 4 மீட்டர். பிளேடைச் சுற்றி முழுதாக அழுத்தம் அளந்தது ஒரே ஒரு குறுக்குவெட்டில்தான். ஆனால் முன் பிளேடு விட்டுச்சென்ற சுழலில் அடுத்த பிளேடு மோதுவதை லேசர் ஒளியில் படம்பிடித்துக் காட்டியது; இறங்கும்போது கேட்கும் படபடப்பு அந்த மோதலால்தான். அந்தப் படபடப்பு பற்றிய கேள்விக்கு நான் முதலில் திறப்பது இந்தத் தரவைத்தான். ஒரு எச்சரிக்கை: நுனி வேகத்தை நிஜத்துக்குச் சமமாக வைத்தாலும், பிளேடை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலம் நிஜ அளவில் நடப்பதுபோல் நடந்துகொள்ளாது. ஸ்டாலைப் பற்றி, அதாவது காற்று பிளேடை விட்டுப் பிரிந்து தூக்குவிசை சரிவதைப் பற்றி மட்டும், குட்டி மாடலிடம் கேட்காதீர்கள்.