இரவு இரண்டு மணிக்கு எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? சென்னையில் நாய், பூனைகளுக்கான அவசர சிகிச்சை: ஓர் ஒப்பீடு

"24 மணி நேரம்" என்று பலகை மாட்டிய செல்லப்பிராணி கிளினிக்குகள் இன்று சென்னையில் அண்ணா நகரிலிருந்து ஓ.எம்.ஆர். வரை இருக்கின்றன. அந்தப் பலகைக்கு மூன்று பொருள் உண்டு. டாக்டர் இரவு முழுக்க உள்ளேயே இருக்கிறார் என்பது ஒன்று. டாக்டர் வீட்டில் தூங்குகிறார், போன் போட்டால் கிளம்பி வருவார் என்பது இன்னொன்று. அட்மிட் ஆன நாய்களைப் பார்த்துக்கொள்ள உதவியாளர் ஒருவர் மட்டும் இருக்கிறார், புதிதாக வருகிறவர்களுக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்பது மூன்றாவது. வாய் திறந்து மூச்சு வாங்கும் பூனைக்கு, டாக்டர் கிளம்பி வரும் அந்த முக்கால் மணி நேரம் அதிகம்.

ஆகவே தூரம், கட்டணம், கூகுள் நட்சத்திரங்கள் எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம். இரவு இரண்டு மணிக்கு அந்தக் கட்டடத்துக்குள் யார் இருக்கிறார், அவர் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

வேப்பேரி

ஊரே "வேப்பேரி ஆஸ்பத்திரி" என்று சொல்வது 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை. 1989 முதல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. சிறு விலங்குகளுக்கான அவசர சிகிச்சைப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும். அறுவை, பொது மருத்துவம், பிரசவம், எக்ஸ்ரே, ஸ்கேன், ஆய்வகம் என்று துறைகள் ஒரே வளாகத்தில் இருப்பதும், நாய்களுக்கான ரத்த வங்கி இருப்பதும் இதன் பெரிய பலம். கட்டணம் தனியாரில் ஆவதில் சிறு பங்குதான்.

இதற்கு ஈடாக நீங்கள் கொடுப்பது நேரமும் உடலுழைப்பும். இது கற்பிக்கும் மருத்துவமனை. பயிற்சி மருத்துவரோ முதுகலை மாணவரோ முதலில் பார்ப்பார், பிறகு மூத்தவர் வருவார். ஒரே விவரத்தை இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கும். அது குறையல்ல, ஒரு கண்ணுக்குத் தப்பியது அடுத்த கண்ணில் படும். சீட்டு போடுவது, ஸ்கேனுக்குத் தூக்கிப் போவது, இல்லாத மருந்தை வெளியே வாங்கி வருவது எல்லாம் உங்கள் பொறுப்பு. தனியாகப் போகாதீர்கள்; ஒருவர் நாயோடு இருக்க, இன்னொருவர் ஓட வேண்டும். காலை ஓ.பி. நேரத்தில் கூட்டம் நெரியும். அவசரம் என்றால் வரிசையில் நின்றுகொண்டிருக்காமல் அவசரப் பிரிவு எங்கே என்று வாசலிலேயே கேளுங்கள்.

தனியார் 24 மணி நேர மருத்துவமனைகள்

நன்றாக நடக்கும் இடங்களில் ஆக்சிஜன் கூண்டு, வாயு மயக்க இயந்திரம், அரை மணி நேரத்தில் ரத்த முடிவு தரும் சொந்தக் கருவிகள், இரவு வார்டு எல்லாம் உண்டு. முக்கியமாக, உள்ளே நுழைந்த சில நிமிடங்களில் ஊசி ஏறும்.

ஆனால் டியூட்டி டாக்டர் வேறு, சர்ஜன் வேறு. இரவில் இருப்பவர் பெரும்பாலும் இளம் டாக்டர். வயிற்றைத் திறக்க வேண்டுமென்றால் சர்ஜனை வரவழைப்பார்கள். ரத்தம் கையிருப்பில் இருப்பது அரிது. அட்வான்ஸ் கட்டிய பிறகுதான் அட்மிஷன், இரவுக் கட்டணம் தனி. இதில் தவறில்லை, ஆனால் எஸ்டிமேட்டை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தெரு முனை கிளினிக், வீட்டுக்கு வரும் டாக்டர்

உங்கள் வழக்கமான டாக்டருக்கு உங்கள் நாயின் எடை, பழைய நோய், ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாம் தெரியும். அவரிடம் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் டிரிப் ஏற்றும் வசதியும் இருந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்கு அவரே சிறந்தவர். கிளினிக் இரவு ஒன்பது, பத்துக்கு மூடிவிடும். அதற்குப் பிறகு போனை எடுப்பாரா என்பதை நல்ல நாளிலேயே நேரில் கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வரும் டாக்டர் முதிய நாயின் காய்ச்சலுக்கும், புண் கட்டுவதற்கும், வலியில்லாமல் கடைசி விடை கொடுப்பதற்கும் ஏற்றவர். அவசரத்துக்கு ஏற்றவர் அல்ல. எக்ஸ்ரே இல்லை, ஆக்சிஜன் இல்லை. வலி ஊசி போட்டதும் நாய் அடங்கிப் படுக்கும். வீட்டார் நிம்மதியாகத் தூங்குவார்கள். உள்ளே ரத்தக்கசிவு தொடரும்.

யாரிடம் போனாலும் அவர் மாநில கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். உதவியாளராக வேலை பார்த்தவர்களையும் "டாக்டர்" என்று அழைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

எந்த நோய்க்கு எந்த இடம்

*வயிறு முறுக்கிக்கொள்வது.* ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன், லாப்ரடார், ராட்வைலர் போன்ற ஆழ்ந்த மார்புக்கூடு உள்ள பெரிய நாய்களுக்கு வரும். வாந்தி எடுக்க முயலும், எதுவும் வராது, எச்சில் ஒழுகும், வயிறு மேளம் போல உப்பும். வாயு நிறைந்த இரைப்பை திரும்பிக்கொண்டு இதயத்துக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடும். சோடா, ஜெலுசில், ஓமத் தண்ணீர் எதுவும் உதவாது, கொடுக்கவும் கூடாது. இங்கே கணக்கு மணியில்தான், நாளில் இல்லை. அறுவை அறை தயாராக இருக்கும் இடத்துக்கு நேராகப் போவதே சரி. அது முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் மட்டும், வழியில் டாக்டர் விழித்திருக்கும் கிளினிக்கில் நிறுத்தி, ஊசியாலோ குழாயாலோ வாயுவை வெளியேற்றி, டிரிப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். கேளம்பாக்கத்திலிருந்து வேப்பேரிக்கு மாலை ஏழு மணிக்குப் போவதும் இரவு ஒரு மணிக்குப் போவதும் ஒன்றல்ல. மாலையில் அந்த வழி நிறுத்தம் உயிர் காக்கும், நள்ளிரவில் அநேகமாகத் தேவைப்படாது. சர்ஜனிடம் ஒரு கேள்வி: முறுக்கை எடுத்த பிறகு இரைப்பையை உடல் சுவரோடு சேர்த்துத் தைப்பீர்களா? அதைத் தைக்காவிட்டால் மறுபடி முறுக்கும் வாய்ப்பு அதிகம்.

*ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு.* மணல் தட்டில் திரும்பத் திரும்பக் குந்தும், கத்தும், ஒரு சொட்டுகூட வராது. பார்ப்பவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்து ஒரு நாளை வீணாக்குகிறார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஒன்றிரண்டு நாளில் இதயம் நின்றுவிடும். இங்கே வேப்பேரியா, பெரிய தனியாரா என்ற யோசனையே வேண்டாம். பூனைக்குக் குழாய் போடத் தெரிந்த மிக அருகிலுள்ள கிளினிக்தான் சிறந்தது. அடைப்பு எடுத்த பிறகுதான் இரவு வார்டு தேவை. அடுத்த இரண்டு மூன்று நாள் சிறுநீர் வெள்ளம் போலப் போகும். டிரிப்பின் அளவை அதற்கேற்ப மாற்ற வேண்டும், மறுபடி அடைக்காமல் பார்க்க வேண்டும். காலையில் வந்து பார்க்கிறோம் என்று கூண்டில் விட்டுப் போகும் இடம் இதற்கு ஆகாது.

*உண்ணிக் காய்ச்சல் முற்றி ரத்தம் குறைவது.* ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்து, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். வேப்பேரிக்கு இணை இதில் குறைவு. தனியாரில் பெரும்பாலும் நீங்களே கொடையாளி நாயைத் தேட வேண்டியிருக்கும்: 25 கிலோவுக்கு மேல் எடை, ஒன்று முதல் எட்டு வயது, தடுப்பூசி முழுமை, உண்ணி நோய்ப் பரிசோதனையில் தேறியிருக்க வேண்டும். பெரிய நாய் வளர்க்கும் இரண்டு நண்பர்களின் எண்களை இப்போதே குறித்து வையுங்கள். பூனை என்றால் ரத்த வகை பார்க்காமல் ஏற்றவே விடாதீர்கள். வகை மாறினால் முதல் முறையிலேயே உயிர் போகலாம்.

*பார்வோ.* நாய்க்குட்டிகளைத் தாக்கும் வைரஸ் நோய். ரத்தப் பேதியும் வாந்தியுமாக இருக்கும் குட்டிக்கு வேண்டியது தனி வார்டு, இடைவிடாத டிரிப். "பார்வோ வார்டு தனியா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த இடத்துக்கு வேறு நோய்க்காகக்கூடத் தடுப்பூசி முடியாத குட்டியைக் கொண்டுபோகாதீர்கள். கூட்டமான எந்த மருத்துவமனையிலும் குட்டியைத் தரையில் விடாமல் மடியிலேயே வைத்திருங்கள். இந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

*விஷம்.* எலி மருந்தில் கேக் வேறு, கறுப்புப் பொடி வேறு. புரோமடயலோன் கேக் தின்ற நாய் மூன்று நாள் ஓடியாடும், பிறகுதான் ரத்தம் கசியும். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைத்தால் பாதி ஆபத்து கழியும், அதை அருகிலுள்ள டாக்டரே செய்துவிடுவார். பிறகு வாரக்கணக்கில் வைட்டமின் கே1 கொடுக்க வேண்டும், கே3 பயன்படாது. ஜிங்க் பாஸ்பைடு பொடி வயிற்றில் நச்சு வாயுவாக மாறும். அதற்குப் பாலோ சோறோ கொடுக்காதீர்கள், காரின் கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள். உப்புக் கரைசலால் நீங்களாக வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். எதைத் தின்றிருந்தாலும் உறையைக் கையோடு எடுத்துப் போங்கள். பூனைக்கு யாராவது பாராசிட்டமால் கொடுத்திருந்தால் அதுவும் விஷம்தான்; தயங்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

*பாம்புக்கடி.* பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியும் புறநகர் மனைகளிலும் இருப்பவர்களுக்கு இது முக்கியம். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது, ஆகவே பாம்பை அடித்து எடுத்து வரத் தேவையில்லை. கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நடக்க விடாமல் தூக்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் "எத்தனை வயல் (மருந்துக் குப்பி) இருக்கு?" என்று போனில் கேளுங்கள். "இருக்கு" என்பது பதில் ஆகாது, எண்ணிக்கை வேண்டும். நாகமும் கட்டுவிரியனும் மூச்சுத் தசைகளை முடக்கும். செயற்கைச் சுவாசம் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

*வெப்பத் தாக்கு.* மே மாதத்தில், முக்கியமாகப் பக், புல்டாக் நாய்களுக்கு. எந்த கிளினிக் என்பதைவிட, கிளம்பும் முன் உடலைக் குளிர்விப்பதுதான் பெரிது. குழாய்த் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றி, மின்விசிறிக் காற்று படவிட்டு, காரில் ஏ.சி. போட்டுப் போங்கள். உடல் வெப்பம் 39.5 டிகிரி செல்சியஸுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

இப்போதே செய்ய வேண்டியது

என் பரிந்துரை இரண்டு எண்கள். வீட்டுக்கு மிக அருகில், இரவில் டாக்டர் உள்ளே இருக்கும் ஓர் இடம். அறுவையும் ரத்தமும் கிடைக்கும் ஓர் இடம். புரசைவாக்கம், எழும்பூர்க்காரர்களுக்கு இரண்டும் வேப்பேரியாகவே இருக்கலாம். தாம்பரத்துக்கோ சோழிங்கநல்லூருக்கோ அப்படி முடியாது. அருகில் ஒரு தனியார் இடம் கட்டாயம் வேண்டும்.

அந்த அருகிலுள்ள இடத்தைத் தேர்ந்தெடுக்க, எந்த அவசரமும் இல்லாத ஒரு வார நாளில் இரவு பதினொன்றுக்கு மேல் போன் செய்யுங்கள். "இப்போ டாக்டர் உள்ளே இருக்காரா, வரவழைக்கணுமா?" "ஆக்சிஜன் இருக்கா?" "இப்பவே ஆபரேஷன்னா யார் பண்ணுவாங்க, எவ்வளவு நேரத்துல?" "அட்மிட் பண்ணா ராத்திரி பக்கத்துல யார் இருப்பாங்க?" மூன்று முறை அடித்தும் எடுக்காத எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

தெருநாய் அடிபட்டுக் கிடந்தால் வழி வேறு: புளூ கிராஸ் போன்ற அமைப்புகள், அல்லது நீங்களே தூக்கிப் போக முடிந்தால் வேப்பேரி. 1962 என்ற எண்ணில் கூப்பிடும் கால்நடை ஆம்புலன்ஸ் முதன்மையாகக் கிராமத்து ஆடு மாடுகளுக்கானது. நகரத்து வீட்டுப் பூனைக்காக அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

தடுப்பூசி அட்டை, கடைசியாகப் பார்த்த எடை, சாப்பிட்டு வரும் மாத்திரைப் பட்டைகள், கொஞ்சம் ரொக்கம், ஒரு பெரிய துண்டு: இவற்றை ஒரே பையில் போட்டுக் கதவருகே மாட்டுங்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். துணியால் வாயைக் கட்டலாம். வாந்தி எடுக்கும், மூச்சுத் திணறும், அல்லது முகம் தட்டையான நாய்க்கு மட்டும் கட்டக் கூடாது. பூனையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோ ஏறாதீர்கள், ஹாரன் சத்தத்தில் தாவிவிடும். மேல் மூடி கழலும் கூடை இருந்தால் டாக்டர் அதை வெளியே இழுக்காமலே பார்த்துவிடுவார். நள்ளிரவில் நாயோடு நிற்பவரைப் பார்த்துச் சில டாக்சிக்காரர்கள் கிளம்பிவிடுகிறார்கள். எந்நேரமும் வரச் சம்மதிக்கும் ஓர் ஆட்டோக்காரரின் எண், அந்த இரண்டு மருத்துவமனை எண்களுக்குக் கீழேயே இருக்கட்டும்.