பழைய பென்ட்லியின் ஏர் சைலன்சர்: மாற்றி மாற்றி ஓட்டியதில் தெரிந்தது

சைலன்சர் என்றால் பின்னால் புகை விடும் குழாய் இல்லை. என்ஜின் காற்றை உறிஞ்சும் வழியில் உட்கார்ந்திருக்கும் டப்பாவைச் சொல்கிறேன். என்னுடையது பென்ட்லி மார்க் 6. 1946 முதல் 1952 வரை இங்கிலாந்தின் குரூ தொழிற்சாலையில் வந்த மாடல். 4257 சிசி, ஆறு சிலிண்டர், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர் (காற்றில் பெட்ரோலைக் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்; எஸ்யூ என்பது தயாரிப்பாளர் பெயர்). சத்தத்தை அடக்குவதும் தூசியை வடிப்பதும் அந்த ஒரே டப்பாவின் வேலை.

"அதைக் கழற்றிப் போடு, இழுவை கூடும்" என்று பழைய வண்டிக்காரர்கள் பலர் சொல்வார்கள். சரி, பார்த்துவிடலாம் என்று கழற்றிவிட்டு இங்கிலாந்தின் ஸ்னேக் பாஸ் மலைச்சாலையில் ஏற்றினேன். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் அப்படி ஒரு உறுமல்! நாலு ஸ்ட்ரோக், ஆறு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு மூன்று முறை காற்றை இழுக்கும். 2000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 இழுப்பு. டப்பாவின் விசாலமான வயிறு இந்த அதிர்வை வாங்கிக் கரைத்துவிடுகிறது. சமதரையில் மெதுவாகப் போனால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை. உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தட்டு அப்போது பாதி மூடியிருக்கும், அதுவே சத்தத்தை மறித்துவிடும்.

இழுவை? கூடியதாகத்தான் தோன்றியது. ஸ்டாப்வாட்ச் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்பார்க் பிளக் மட்டும் வெளுத்துப் போயிருந்தது. எஸ்யூவில் பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவை அறை வெளிக்காற்றோடு தொடர்புடையது. கார்புரேட்டருக்கு முன்னால் காற்றுக்குத் தடை குறைந்தால் பெட்ரோலை இழுக்கும் விசையும் குறையும், கலவையில் பெட்ரோல் குறைந்து மெலியும், பிளக் வெளுக்கும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் நேர் எதிர்: பிளக் கரி பிடிக்கும். ஆகவே எதை மாற்றினாலும் கார்புரேட்டரைத் திரும்ப டியூன் செய்தாக வேண்டும். இதை அந்த ஆலோசகர்கள் யாரும் சொல்வதில்லை.

அப்புறம் அசல் டப்பாவுக்குள்ளேயே ஒரு காகித ஃபில்டரைப் பொருத்திப் பார்த்தேன். டப்பா அதேதான் என்பதால் சத்தம் மாறவில்லை. நுண்தூசியைத் தடுப்பதில், டப்பாவோடு வந்த பழைய கம்பி வலை இதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் கடைக்காரர் கொடுத்த ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. இடுக்கு வழியாக வடிகட்டாத காற்று போனால் காகிதம் இருந்தும் என்ன பயன்?

கம்பி வலைக்குத் தேவையெல்லாம் கொஞ்சம் பொறுமை. மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, என்ஜின் ஆயிலில் முக்கி, ராத்திரி முழுக்க வடியவிட வேண்டும். அவசரப்பட்டால் மிச்ச ஆயிலை என்ஜின் குடித்து நீலப் புகை கக்கும். குளிர்காலக் காலையில் கார்புரேட்டர் வழியாகத் திருப்பித் துப்பும் நெருப்பையும் இந்த வலை தடுத்துக்கொள்ளும். டப்பா இல்லாமல் ஓட்டாதீர்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான், சத்தமெல்லாம் பிறகு.

இங்கே சாலைகள் ஈரமானவை, தூசி குறைவு. அதனால் இப்போதைக்கு அசல் டப்பாவும் ஆயில் வலையும்தான் வண்டியில் இருக்கின்றன. புழுதிச் சாலையில் ஓட்டுபவர் என்றால் காகிதத்துக்கே போங்கள். வளையத்தை மட்டும் அளவெடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.