ஸ்பானிஷ் பச்சைக்கல் நகை: சிலுவைப் பதக்கமா, லாஸோவா?

பழைய ஸ்பானிஷ் நகையைக் கையில் வாங்கியதும் எல்லோரும் கல்லின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். நிறம் வயதைச் சொல்லாது. 400 வருடத்துக்கு முந்தைய கல்லும் போன மாதம் வெட்டிய கல்லும் ஒரே கொலம்பிய மூஸோ சுரங்கத்திலிருந்து வந்திருக்கலாம். நகையைத் திருப்பி முதுகைப் பாருங்கள்.

17ஆம் நூற்றாண்டுச் சிலுவைப் பதக்கத்தில் கற்கள் மேல்பக்கம் மேசைபோல் தட்டையாக, தங்கப் பெட்டிக்குள் அடைத்திருக்கும். நம் வைரத்தோட்டில் குளோஸ் செட்டிங் என்போமே, அதேதான். கல்லின் அடியில் நிறத்தைத் தூக்கிக் காட்ட மெல்லிய தகடு வைப்பார்கள். உடம்பை ஒட்டியிருக்கும் பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? அங்கேயும் வெள்ளையும் கறுப்பும் நீலமுமாக எனாமலில், அதாவது சூட்டில் உருக்கி ஒட்டிய வண்ணக் கண்ணாடிப் பூச்சில், கொடி வேலைப்பாடு ஓடும். எனக்கு மயக்கம் அங்கேதான்.

லாஸோ 18ஆம் நூற்றாண்டில் செழித்த வில்முடிச்சு வடிவ மார்புப் பதக்கம். இலையும் சுருளுமாகத் தங்கத்தைத் துளைத்து, சின்னச் சின்னப் பச்சைக்கற்களை நெருக்கிப் பதித்திருப்பார்கள். பல கற்கள் வெளிறியவை, உள்ளே கீறல் நிறைந்தவை. முதுகில் எனாமல் இருக்காது. வெறும் தங்கம், அல்லது கீறிய கோடுகள்.

பார்க்கச் சிலுவை, வாங்க லாஸோ என்பேன். எனாமல் ஒரு ஓரம் பெயர்ந்தால், பழையபடி உருக்கி ஒட்டச் சூளையில் வைக்க வேண்டும். அந்தச் சூட்டைப் பச்சைக்கல் தாங்காது. எல்லாக் கல்லையும் கழற்றினால் பழைய கட்டே போச்சு. அப்புறம், எனாமல் கொஞ்சமும் சிதையாத பதக்கம் என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஆகென் நகரத்துப் பொற்கொல்லர் ராய்ன்ஹோல்ட் வாஸ்டர்ஸ் 19ஆம் நூற்றாண்டில் செய்த 'மறுமலர்ச்சிக் கால' நகைகள் பெரிய அருங்காட்சியகங்களையே ஏமாற்றியிருக்கின்றன. அவருடைய வரைபடங்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஸ்பெயினின் சரகோஸா நகரத்துப் பிலார் மாதா கோயிலுக்குக் காணிக்கையாக வந்து, 1870இல் விற்கப்பட்ட அசல் ஸ்பானிஷ் நகைகள் சிலவும் அங்கேயே உண்டு. வாங்கும் முன் அவற்றைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம்.

வயதில் சந்தேகமே வேண்டாம் என்றால் கப்பல் புதையல். 1622இல் ஃபுளோரிடா அருகே மூழ்கிய அடோச்சா என்ற ஸ்பானிஷ் கப்பலின் பெரும் சரக்கை 1985இல் புதையல் வேட்டைக்காரர் மெல் ஃபிஷரின் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். அதில் பச்சைக்கற்களும் கிடைத்தன. ஆனால் கப்பலின் சரக்குப் பட்டியலில் பச்சைக்கல்லே கிடையாது, எல்லாம் கடத்தல் என்றே நினைக்கிறார்கள். அங்கே கதைக்கும் சேர்த்துத்தான் விலை.

லாஸோவில் பயப்பட வேண்டியது வேறு. விழுந்த கல்லின் இடத்தில் பச்சைக் கண்ணாடியைச் சொருகியிருப்பார்கள். லென்ஸில் பார்த்தால் கண்ணாடிக்குள் உருண்டைக் குமிழி தெரியும், பட்டை ஓரங்கள் தேய்ந்திருக்கும். இதிலும் பின்னாளில் செய்த நகல்கள் உண்டு.

எதை வாங்கினாலும் கடைக்காரர் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஈரம் இறங்கினால் அடித்தகடு கறுத்துவிடும். கல்லின் கீறலும் பெரிதாகலாம். ஈரமில்லாத மெல்லிய தூரிகை போதும்.