டிஷியனின் குதிரையும் ரூபன்ஸின் குதிரையும்

குதிரைமேல் அமர்ந்த தலைவர்களைக் காட்டும் இந்த இரண்டு ஓவியங்களும் ஸ்பெயினில், மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. இத்தாலிய ஓவியர் டிஷியன் 1548-இல் வரைந்தது, முந்தைய ஆண்டு ஜெர்மனியில் நடந்த மூல்பெர்க் போரில் வென்ற புனித ரோமானியப் பேரரசர் ஐந்தாம் சார்லஸை. கையில் ஈட்டி, கறுத்த குதிரைமேல் சிவப்புப் போர்வை. பக்கவாட்டில் நம்மைக் கடந்து போகிறார். எதிரி ஒருவன்கூடக் கண்ணில் படவில்லை. கீல்வாதத்தால் அவதிப்பட்ட மனிதர் அவர். ஆனாலும் குதிரை அவர் பிடிக்குள் அடங்கி நடக்கிறது. நாட்டை ஆளும் திறனுக்கு அன்று அதுவே அடையாளம்.

பிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸோ 1603-இல் லெர்மா கோமகனை வரைந்தபோது குதிரையை நேராக நம் பக்கமே திருப்பிவிட்டார். வெள்ளைக் குதிரை; பிடரி மயிர் அலையலையாக வழிகிறது. எனக்கு இதுதான் பிடித்தது. முதலில் குதிரையின் முகம், அதன் பிறகே பிரபுவின் முகத்துக்குப் பார்வை ஏறுகிறது. லெர்மா மன்னர் அல்ல, ஸ்பெயின் மன்னர் மூன்றாம் பிலிப்பின் அமைச்சர். அரசருக்குரிய கம்பீரத்தை அவருக்குக் கொடுத்தது அந்தக் குதிரைதான்.